அப்பா சேர்த்த நோட்டுகளை லேமினேட் செய்யலாமா?

கேள்வி: என் அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவர். பழைய ரூபாய் நோட்டு சேர்ப்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை. போன வருடம் தவறிவிட்டார். இப்போது எல்லாம் என் பொறுப்பில் இருக்கிறது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட பத்து ரூபாய் நோட்டு, தாத்தா மலாயாவிலிருந்து கொண்டுவந்த வாழைமர நோட்டுகள், மன்மோகன் சிங் கையெழுத்து உள்ள, பிரிக்காத ஒரு ரூபாய்க் கட்டு, இன்னும் பல. சிலவற்றை அப்பாவே லேமினேட் செய்து வைத்திருக்கிறார். சில, ஒட்டும் பக்கமுள்ள போட்டோ ஆல்பத்தில் இருக்கின்றன. கஜா புயலில் ஒரு பெட்டி நனைந்து, அதிலிருந்த நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மீதியையும் லேமினேட் செய்துவிடலாமா? சோப்புத் தண்ணீரில் அலசி இஸ்திரி போட்டால் நல்ல விலை போகும் என்கிறார் கொழுந்தனார். அந்துருண்டை போட்டு மரப்பெட்டியில் வைப்பதா, வங்கி லாக்கரில் வைப்பதா? செல்லாத ஐநூறு ரூபாய் நோட்டு 14 இருக்கிறது. வைத்திருந்தால் குற்றமா?
— ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: லேமினேட் செய்யாதீர்கள். அலசவும் வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். கொழுந்தனாரிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம்.

பழைய காகிதங்களைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. என்னிடம் வருகிற நோட்டுகளில் வயதாகிக் கெட்டுப்போனவை குறைவு. பாதுகாக்கிறோம் என்று யாரோ அக்கறையாகச் செய்த காரியத்தால் கெட்டவைதான் அதிகம். நம் ரூபாய் நோட்டு பருத்தி இழையில் செய்த காகிதம். நாளிதழ்க் காகிதம் போல ஓரிரு வருடத்தில் மஞ்சளித்துப் பொடிந்து போகிற ஜாதி இல்லை. ஈரம், வெயில், பூச்சி, கெட்ட பிளாஸ்டிக் இந்த நான்கையும் தள்ளி வைத்தால் போதும், உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நன்றாக இருக்கும்.

லேமினேஷனில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அந்த உறையின் உள்பக்கம் சூட்டில் உருகும் பசை பூசப்பட்டிருக்கிறது. இயந்திரத்தின் சூடான உருளைகளுக்கு நடுவே போகும்போது பசை உருகி நோட்டின் இழைகளுக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு பிரித்தால் பிளாஸ்டிக்கோடு மையும் சேர்ந்து உரிந்து வரும். அப்பா லேமினேட் செய்தவற்றை யாராவது அசிட்டோன், தின்னர் வைத்துப் பிரித்துத் தருகிறேன் என்று சொன்னால் கொடுக்காதீர்கள். அவை இனி அப்படியேதான் இருக்கும். சேகரிப்பவர்கள் அவற்றுக்குப் பெரிய விலை கொடுக்க மாட்டார்கள். ஆனால் அது உங்கள் அப்பா தன் கையால் செய்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் சான்றிதழ் முதல் ரேஷன் கார்டு வரை லேமினேட்தான் செய்தார்கள், அதுதான் பாதுகாப்பு என்று நம்பினார்கள். அவற்றைத் தனி உறையில் போட்டு மற்ற நோட்டுகளோடு சேராமல் வையுங்கள்.

அலசுவதும் இஸ்திரி போடுவதும் விலையைக் கூட்டாது, குறைக்கும். நோட்டுக் காகிதத்துக்கு விறைப்பைக் கொடுக்கும் பூச்சு தண்ணீரில் கரைந்து போகும். விரலால் தடவினால் மேடாகத் தெரிகிற அச்சு, இஸ்திரிச் சூட்டில் அழுந்தித் தட்டையாகிவிடும். அனுபவமுள்ளவர் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் புற ஊதா விளக்கைப் பிடிப்பார். துணி சோப்புத் தூளில் வெண்மை கூட்டுவதற்காகச் சேர்க்கும் ஒரு பொருள் காகிதத்தில் தங்கி, அந்த வெளிச்சத்தில் நீலவெள்ளையாக மின்னும். நல்ல நோட்டுக் காகிதம் அப்படி மின்னாது. மடிப்பும் அழுக்கும் உள்ள நோட்டை அந்த நிலையிலேயே வாங்க ஆள் இருக்கிறார்கள். கழுவின நோட்டு என்று தெரிந்தால் அவர்களே ஒதுங்கிவிடுவார்கள்.

செல்லோ டேப்பும் இதே கதைதான். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே உறையில் வையுங்கள். ஆனால் பழைய ஒட்டு எதையும் உரிக்காதீர்கள், அதில் ஒரு விஷயம் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் பெரிய தொகை நோட்டுகளைத் தபாலில் அனுப்பும்போது இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்த பிறகு மறு பாதியை அனுப்புவார்கள். வழியில் திருடினாலும் பாதி நோட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வாங்கியவர் இரண்டையும் காகிதத் துண்டு வைத்து ஒட்டிக்கொள்வார். அப்படி ஒட்டின நோட்டு உங்கள் சேகரிப்பில் இருந்தால் அந்த ஒட்டு அதன் வரலாறு. அதைச் சீர் செய்யக் கூடாது.

இப்போது ஆல்பம். நீங்கள் முதலில் கை வைக்க வேண்டியது இதில்தான். ஒட்டும் பக்கத்தில் கோடு கோடாகப் பசை இருக்கும், மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும். பசை வருடம் ஆக ஆக மஞ்சளாகி நோட்டுக்குள் ஊறும். மேல் தாளை மெதுவாகத் திறந்து பாருங்கள். நோட்டின் ஒரு மூலை தானாக எழும்பினால் நல்ல காலம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலான டென்டல் ஃப்ளாஸ் மருந்துக் கடையில் கிடைக்கும், மெழுகு பூசாததாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு முழம் எடுத்து இரண்டு கையிலும் சுற்றி, நூலை இழுத்துப் பிடித்தபடி, நோட்டுக்கும் அட்டைக்கும் நடுவே ரம்பம் போல முன்னும் பின்னும் லேசாக ஓட்டிக்கொண்டே கீழே இறங்குங்கள். நூலை எப்போதும் அட்டைப் பக்கம் அழுத்துங்கள், நோட்டுப் பக்கம் வேண்டாம். எங்காவது தடை பட்டால் நிறுத்திவிட்டு எதிர்ப் பக்கத்திலிருந்து வாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்த நோட்டைச் சுற்றி அட்டையைக் கத்தரித்து, அட்டையோடு சேர்த்து உறையில் போடுங்கள். ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கினால் சுலபமாக வரும் என்பார்கள். வரும். ஆனால் உருகின பசை பாதி நோட்டிலேயே தங்கும்.

கஜாவில் நனைந்த பெட்டியை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. 2018 நவம்பரில் நனைந்தது. ஒட்டிக்கொண்டு இறுகிப் போயிருக்கும். அதைப் பிரிக்க முயல வேண்டாம். கத்தி நுனி, ஆவி, வெந்நீர் எதுவும் வேண்டாம். இப்படி ஒட்டினதை நாங்கள் மூடிய பெட்டிக்குள் ஈரப்பதத்தை மெல்ல மெல்ல ஏற்றி, இழை நெகிழ்ந்து கொடுக்கும்போது ஒவ்வொன்றாகத் தளர்த்துவோம். நடுவில் பூஞ்சணம் வந்துவிடாமல் பார்க்க வேண்டும், ஒரு நோட்டின் மை இன்னொன்றில் பதியாமல் பார்க்க வேண்டும். வீட்டில் செய்கிற வேலை இல்லை. சாம்பலாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் தெரிந்தால் ஊதாதீர்கள், துடைக்காதீர்கள். தனியாக ஒரு காகித உறையில் போட்டு, மற்ற நோட்டுகள் இருக்கும் அறையிலிருந்தே வெளியே எடுத்து வையுங்கள். மூச்சுக்குள் போனால் உங்களுக்கும் நல்லதல்ல, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பக்கம் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம். அங்கே ஓலைச்சுவடி, காகிதச் சுவடிகளைப் பராமரிக்கும் பிரிவு இருக்கிறது. சென்னை வந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம். இரண்டில் எங்காவது நேரில் காட்டி ஆலோசனை கேளுங்கள்.

ஒரு ரூபாய்க் கட்டு நல்ல பொருள். ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது மத்திய அரசு. மற்ற நோட்டுகளை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. அதனால் ஒரு ரூபாயில் ஆளுநர் கையெழுத்து இருக்காது, நிதிச் செயலாளர் கையெழுத்துதான் இருக்கும். மன்மோகன் சிங் 1976 முதல் 1980 வரை அந்தப் பதவியில் இருந்தார். பிறகு 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது மற்ற நோட்டுகளிலும் கையெழுத்திட்டார். இரண்டு வகையையும் சேர்த்து வைக்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய பேர்.

அந்தக் கட்டில் கம்பிப் பின் அடித்திருக்கும். நோட்டுக் கட்டுகளுக்குப் பின் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவு போட்டது 2001இல்தான். அதற்கு முந்தைய நோட்டுகளில் பின் ஓட்டை இருப்பதைச் சேகரிப்பவர்கள் குறையாகப் பெரிதுபடுத்துவதில்லை. பின்னைச் சுற்றிப் பாருங்கள். துரு இல்லாமல் பளிச்சென்று இருந்தால் கட்டைத் தொடாதீர்கள், வங்கிச் சீட்டோடு பிரிக்காத கட்டுக்குத் தனி மதிப்பு. ஆனால் கடலோர ஊரில் இத்தனை வருடம் இருந்த கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது அரிது. துரு காகிதத்தில் இறங்கத் தொடங்கியிருந்தால் கட்டின் மதிப்பை விட நோட்டுதான் முக்கியம் என்பேன், பின்னை எடுத்துவிடுங்கள். வாய் மாதிரிக் கடிக்கிற பின் எடுப்பானால் எடுக்கக் கூடாது. கட்டைக் குப்புறப் போட்டு, பின்னின் மடிந்த கால்களுக்கு அடியில் மெல்லிய பாலியெஸ்டர் தாள் ஒன்றைச் செருகுங்கள். அதன் மேல் மொட்டையான சிறு கத்தியை வைத்து ஒவ்வொரு காலாக நிமிர்த்துங்கள். இரண்டும் நேராக நின்ற பிறகு கட்டைத் திருப்பி, முன்பக்கத்திலிருந்து நேர் மேலே இழுங்கள். கால் ஒடிந்தால் பரவாயில்லை, துண்டு துண்டாக எடுக்கலாம். பின்னைத் திருகினால் மட்டும் ஓட்டை பெரிதாகிவிடும். எடுத்த பிறகு வங்கிச் சீட்டையும் கட்டோடு வையுங்கள்.

வாழைமர நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர்த் துறையிலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஓடின காலத்தில் போனவர்களின் வீடுகளில் இது இன்னும் கிடைக்கிறது. 1942 முதல் 1945 வரை மலாயாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர் அச்சடித்தது. பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருப்பதால் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. ஜப்பான் சரணடைந்ததும் ஒரே நாளில் வெற்றுக் காகிதமானது. எத்தனையோ பேர் உழைத்துச் சேர்த்த சம்பளம் அது. ஆரம்பத்தில் அடித்தவற்றில் வரிசை எண் இருக்கும். பிறகு எண்ணை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் போட்டார்கள், காகிதமும் அச்சும் மட்டமாகிக்கொண்டே போயின. அதனால் இவற்றை நம் ரூபாய் நோட்டை விடக் கவனமாகக் கையாள வேண்டும், மடிப்பில் சட்டென்று கிழியும். நிறைய அச்சடித்ததால் சாதாரண நிலையில் உள்ள பத்து டாலருக்குப் பெரிய விலை இல்லை. எண் உள்ளவற்றைத் தனியாகப் பிரித்து வையுங்கள். தாத்தா எந்த ஊரில், என்ன வேலை பார்த்தார் என்று தெரிந்தவரை எழுதி அதனுடன் வையுங்கள். அது தெரியாத வாழைமர நோட்டு எங்கும் கிடைக்கும், உங்கள் தாத்தாவின் கதை உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

சரி, எதில் போட்டு வைப்பது? கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற கண்ணாடி உறைகள் பெரும்பாலும் பிவிசி. அதை வளைந்து கொடுக்கச் செய்வதற்காகச் சேர்க்கும் எண்ணெய்ப் பசை நாளாக நாளாக வெளியே கசியும். நோட்டு பிசுபிசுத்து உறையோடு ஒட்டும். அமிலமும் வெளிப்படும். புது ரெக்சின் மாதிரி வாடை அடித்தால் சந்தேகப்படுங்கள். உறுதியாகத் தெரிய ஒரு சோதனை இருக்கிறது. தடித்த செம்புக் கம்பியைக் குறட்டில் பிடித்து, கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, உறையின் ஓரத் துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, பிவிசி என்று வைத்துக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்து வைத்து, சிறு துண்டில் மட்டும் செய்யுங்கள். நோட்டு பக்கத்தில் இருக்கக் கூடாது. வாங்க வேண்டியது பாலியெஸ்டர் உறை. மைலார் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். விலை கூட. அவ்வளவு செலவு முடியாது என்றால் பாலிபுரொப்பிலீன் உறை போதும். ஓர் உறைக்கு ஒரு நோட்டு. இடம் மிச்சம் என்று முதுகோடு முதுகாக இரண்டைப் போடாதீர்கள்.

நோட்டைத் தொடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். நூல் கையுறை தேவையில்லை, கிழிந்த ஓரத்தில் அதன் இழை மாட்டும். எச்சில் தொட்டு எண்ணவே கூடாது. உறைக்குள் நுழைக்கும்போது நோட்டைத் தள்ளாமல், மடித்த மெல்லிய தாளுக்குள் வைத்து உள்ளே செருகிவிட்டுத் தாளை மட்டும் உருவுங்கள். நோட்டின் மேல் எதுவும் எழுத வேண்டாம். அமிலமில்லாத காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதித் தனியாக வைக்கலாம்: எண், கையெழுத்து யாருடையது, அப்பாவுக்கு அது எங்கே கிடைத்தது. இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்தில் உங்கள் பெரிய எதிரி காற்றில் இருக்கிற ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். உங்கள் ஊரில் அது சர்வ சாதாரணம், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை முதலில் வாங்குங்கள். பிறகு ரப்பர் விளிம்பும் பூட்டும் கொக்கியும் உள்ள, காற்றுப் புகாத பாலிபுரொப்பிலீன் டப்பா ஒன்று. அதன் ஒரு மூலையில் சிலிக்கா ஜெல் பை, இன்னொரு மூலையில் மீட்டர், நடுவில் உறையிட்ட நோட்டுகள். பை நோட்டின் மேல் படக் கூடாது. நல்ல வெயில் காய்கிற நாளில் டப்பாவை மூடுங்கள். மழை நாளில் மூடினால் ஈரக் காற்றையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறீர்கள். மீட்டர் 45க்கும் 55க்கும் நடுவே நின்றால் நிம்மதியாக இருங்கள். ஒரேயடியாக 30க்குக் கீழே இறங்கினால் ஒரு பையை எடுத்துவிடுங்கள், அளவு மீறி உலர்ந்தால் காகிதம் முறியும். சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, வீட்டில் வேண்டாம். நிறம் மாறினதும் ஓவன் அடுப்பில் 110, 120 டிகிரியில் சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும், மறுபடி பயன்படுத்தலாம்.

மரப்பெட்டி வேண்டாம். தேக்கோ பலாவோ, எந்த மரமும் அமில ஆவி விடும், மூடிய பெட்டிக்குள் அது காகிதத்தைத் தின்னும். டப்பாவை இரும்பு பீரோவில் வையுங்கள். பீரோ வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் நகர்த்துங்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் முதலில் ஓதம் காக்கும். கீழ்த்தட்டு வேண்டாம், கஜாவில் பட்டதே போதும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணும் வேண்டாம், சூடு. அந்துருண்டையின் ஆவி பிளாஸ்டிக் உறையை இளக்கும், நோட்டின் மேலும் படியும். காற்றுப் புகாத டப்பாவுக்குள் கரப்பானும் வெள்ளிமீன் பூச்சியும் வராது, அதனால் அதற்குத் தேவையே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். அப்பாவின் ஜார்ஜ் நோட்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், வெளிச்சத்தில் மை வெளுக்கும்.

லாக்கரில் வைப்பதற்கு முன் உங்கள் வங்கியின் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ரொக்கம், கரன்சி வைக்கக் கூடாது என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. மேலாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கேயும் ஈரம் உண்டு, வைத்தால் இதே டப்பாவோடுதான்.

அந்த 14 ஐநூறு ரூபாய் நோட்டுகளுக்குப் பயப்பட வேண்டாம். 2017இல் வந்த சட்டப்படி, 2016 நவம்பரில் செல்லாமல் போன ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் எல்லாம் சேர்த்து 10க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆனால் படிப்பு, ஆய்வு, நாணயச் சேகரிப்பு ஆகியவற்றுக்காக என்றால் 25 வரை வைத்திருக்கலாம். மீறினால் 10,000 ரூபாய், அல்லது நோட்டுகளின் முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது அபராதம். உங்களுடையது சேகரிப்பு என்பது பார்த்தாலே தெரிய வேண்டும். அதனால் மளிகைப் பணத்தோடு சுருட்டி வைக்காமல், மற்ற நோட்டுகளைப் போலவே உறையிட்டு, பட்டியலில் எழுதி, அதே டப்பாவில் வையுங்கள். பழைய ஆயிரம் ரூபாய் வேறு எங்காவது இருக்கிறதா என்று அப்பாவின் புத்தகங்களுக்குள்ளும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், கணக்கில் அதுவும் சேரும்.

விற்பதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. விற்பதென்றால் அவசரப்படாமல், ஒருவருக்கு இருவராகத் தெரிந்த வியாபாரிகளிடம் நேரில் காட்டி விலை கேளுங்கள். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று கொழுந்தனார் போனுக்கு வரும் வீடியோக்களை நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, பழைய நோட்டு வாங்குகிறோம் விற்கிறோம் என்று கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள், தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது. பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி என்று முன்பணம் கேட்டால் பேச்சை அதோடு நிறுத்துங்கள். ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கு விவரத்தையோ அனுப்பாதீர்கள்.